நம்பர் மாறாது

புது சிம் உயிர் பெற்ற அன்று மாலையே அவள் அதைக் கவனித்தாள். கூடத்தில் சிக்னல் கோடு ஒன்று வருவதும் அணைவதுமாக இருந்தது. சமையலறையில் சுத்தமாக இல்லை. பால்கனிக் கதவைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்த்தாள், அங்கேயும் இல்லை. அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உலாத்துகிறவள்போல் போனை ஏந்திக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். எட்டு மாதமாகச் சாத்தியே கிடந்த அறையின் வாசலுக்கு வந்தபோது இரண்டு கோடுகள் எழுந்தன. கதவைத் தள்ளினாள். மூன்று. கட்டிலைத் தாண்டித் துணி அலமாரியை ஒட்டி நின்றதும் நான்கு கோடுகளும் நிறைந்து, அசையாமல் நின்றன.

மகளின் அறை அது. வீட்டில் அவளைச் சிட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வயதில், கல்லூரி விட்டு வரும் வழியில், பேருந்திலிருந்து இறங்கிச் சாலையைக் கடக்கும்போது போய்விட்டாள். அன்று சாயங்காலம் அம்மா அவளைப் பதினாலு தடவை போனில் கூப்பிட்டாள். பதினாலு தடவையும் சிட்டுவின் பதிவுக் குரல்தான் வந்தது.

"நான் சிட்டு. இப்போ போன் எடுக்க முடியல. ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க, கேட்டுட்டு நானே கூப்பிடுறேன்."

அதை அவள் பதிவு செய்துகொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்திருந்தாள். அதுவும் அதில் விழுந்திருந்தது. தூரத்தில், கரண்டிச் சத்தத்துக்கு நடுவே, "சிட்டு, சாப்பிட வா." உடனே பக்கத்தில், வாயைத் திருப்பிக்கொண்டு, "வரேம்மா." அதோடு முடிந்துவிடும். இன்னொரு தடவை ஒழுங்காகப் பேசிப் பதிவு செய்யேன் என்று அப்போது அம்மா சொன்னதற்கு, இருக்கட்டும், உன் தொல்லை என் பிரெண்ட்ஸுக்கும் தெரியட்டும் என்று சிரித்தாள்.

அவள் போன பிறகு அந்த ஒன்பது விநாடிகள்தான் மிச்சம். அம்மாவுக்கு வேலை சலவைக் கடையில், இஸ்திரி மேசையில்; மணிக்கட்டில் பெட்டி சுட்ட தழும்பு ஒன்று உண்டு. நாள் முழுக்க நீராவியில் நின்றுவிட்டு நாலு மணிக்கு வீடு வருவாள். முகம்கூடக் கழுவாமல் சமையலறைத் தொட்டியின் முன்னால், அந்தக் குரல் கொடுத்த அதே இடத்தில் நின்று, சிட்டுவின் நம்பரை அழுத்துவாள். பதிவு ஓடும். சரியான நேரத்தில் அவளும் சேர்ந்து சொல்வாள்: "சிட்டு, சாப்பிட வா." காதுக்குள் பதில் வரும். வரேம்மா. ஒரு நாளைக்கு ஒரு முறை. அதற்கு மேல் கேட்டால் தேய்ந்துவிடும் என்று அவளாக ஒரு பயம் வைத்திருந்தாள். இது அவள் கணவருக்குத் தெரியாது. பார்சல் வண்டி ஓட்டுகிறவர் அவர்; இருட்டிய பிறகுதான் வருவார்.

போன் கம்பெனியை மாற்றலாம் என்று நினைத்தது அவர்தான். பெரிய கம்பெனியின் குடும்பத் திட்டம் ஒன்றில் மூன்று நம்பர்கள் இருந்தன. ரெண்டு பேர் பேசுறதுக்கு மூணு பேர் பில்லா என்று அவர் கேட்கவில்லை. கேட்க வாய் வராமல், முன்கூட்டியே ரீசார்ஜ் செய்துகொள்ளும் சின்னக் கம்பெனியின் நோட்டீஸ் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவள் புரிந்துகொண்டாள். சிட்டு நம்பரையும் சேர்த்துக் கொண்டுபோவதாக இருந்தால் சரி என்றாள்.

சாவி வெட்டும் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில், ஒரு ஆள் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும் அளவுக்கு இருந்தது அந்தச் சிம் கடை. உள்ளே இருந்த பெண் ரொம்பக் கலகலப்பானவள். "பழைய கம்பெனி மாமியார் வீடு மாதிரிக்கா. வரும்போது ஆரத்தி, கிளம்பும்போதுதான் ஆயிரம் கேள்வி. நீங்க கவலைப்படாதீங்க. நம்பர் மாறாது."

நம்பர் மாறாது. அந்த ஒரு வார்த்தையை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். சிட்டு இருப்பது அந்தப் பத்து இலக்கங்களுக்குள்தான் என்று நம்பியிருந்தாள்.

கேள்வி வந்தது. குடும்பத் திட்டம் சிட்டுவின் பெயரில் இருந்தது. மாணவர்களுக்குச் சலுகை என்று அவளேதான் எழுதிக் கொடுத்திருந்தாள். அவளுடையது முதன்மை நம்பர், மற்ற இரண்டும் அதில் தொங்குபவை. பெயரை மாற்ற இறப்புச் சான்றிதழ் வேண்டும். அதை எடுத்துக்கொண்டு சிட்டுவின் அப்பா ஒருமுறை பெரிய கம்பெனியின் கவுன்டர் வரை போனார். வரிசையில் நின்றார். முறை வந்ததும் நகர்ந்து அடுத்தவருக்கு வழிவிட்டு, காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். அதனால் கம்பெனியின் கணக்கில் சிட்டு இன்னும் இருந்தாள். அதனால் அவர்கள் விலகும்போது, உறுதிசெய்யும் அழைப்பு சிட்டுவின் போனுக்குத்தான் வந்தது.

சார்ஜில் போட்டு உயிர் கொடுத்து வைத்திருந்த அந்தப் போனை அம்மா எடுத்தாள். மறுமுனையில் ஒரு இளைஞன், பில்லில் இருக்கும் முழுப்பெயரைச் சொன்னான். ஆஸ்பத்திரிக்குப் பிறகு யாரும் சொல்லாத பெயர். பேசுவது அவர்தானா என்று கேட்டான். எதிரில் உட்கார்ந்திருந்த கணவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்தார். அவள் தொண்டையைக் கனைத்து, குரலை மெல்லியதாக்கி, சிட்டு செய்வதுபோல் கடைசி எழுத்தைக் கொஞ்சம் தூக்கிச் சொன்னாள்.

"ஆமா. நான்தான்."

மற்ற இரண்டு நம்பரும் யாருடையவை என்று கேட்டான். அப்பாவோடது, அம்மாவோடது என்றாள். அம்மாவுக்கும் சம்மதம்தானே, பக்கத்தில் இருக்கிறார்களா என்றான். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"அம்மா சமையல்கட்டுல இருக்காங்க. கூப்பிடணுமா?"

"வேண்டாம் மேடம், இருக்கட்டும்."

வைத்ததும் கணவர் சிரித்தார். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. அப்படியே அவ மாதிரியே பேசுறியே என்றவர், பாதியில் நிறுத்தி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்த மெல்லிய குரல் அவள் தொண்டையில் மீன்முள் மாதிரி குத்திக்கொண்டு நின்றது. தண்ணீர் குடித்தும் இறங்கவில்லை.

இப்போது அலமாரியை ஒட்டி நின்றுகொண்டு அவள் அதே நம்பரை அழுத்தினாள். ரிங் போகவில்லை. அதற்குப் பதில் ஒரு பெண் உற்சாகமாக ஏதோ சலுகை விற்றாள். பிறகு, முகமில்லாத குரல் ஒன்று, நீங்கள் அழைத்த வாடிக்கையாளருக்குத் தகவல் விட்டுச் செல்லலாம் என்றது. அவ்வளவுதான். அவள் மறுபடி அழுத்தினாள். ஒரு நாளைக்கு ஒரு முறை என்ற கணக்கை மறந்து, கால் மரத்துப்போகும் வரை அழுத்தினாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிம் கடைக்கு ஓடினாள். கடைக்காரப் பெண்ணின் முகத்தில் கலகலப்பு வடிந்துவிட்டது. "நம்பர்தான்க்கா கூட வரும். அதுல பதிஞ்சு வச்சதெல்லாம் பழைய கம்பெனிகிட்ட இருக்கும். கிளம்பின உடனே அழிச்சிடுவாங்க. முன்னாடியே கேட்டிருந்தா நானே உங்களுக்கு இன்னொரு போன்ல பிடிச்சுக் கொடுத்திருப்பேனே." பெரிய கம்பெனியைக் கூப்பிட்டபோது நெடுநேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, அந்த நம்பர் எங்களிடம் இல்லையே என்றார்கள். இஸ்திரி மேசைக்குத் திரும்பினாள். யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டையில் முகத்தைப் புதைத்து அழுதாள். பிறகு அந்த ஈரத்தின் மேலேயே பெட்டியை வைத்துத் தேய்த்தாள்.

அன்று இரவு சாப்பிடும்போது கணவரிடம் சொல்லிவிட்டாள். அவர் பிசைந்த சாப்பாட்டோடு கையை அப்படியே வைத்திருந்தார்.

"அதுல என்ன சொல்லுவா?"

அவள் சொன்னாள். வார்த்தைகள் வந்தன, குரல் வரவில்லை.

"நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல" என்றார் அவர். "நான் கூப்பிட்டா எடுத்துடுவாளே."

பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, அன்னைக்குப் போன்ல பேசினியே, அந்த மாதிரி ஒரு தடவை பேசிக் காட்டேன் என்றார். அவள் எழுந்துபோய்க் கை கழுவினாள்.

நாலாவது நாள் அது ஆரம்பித்தது.

பழக்கம் விடவில்லை. நாலு மணிக்கு வந்து, சிட்டுவின் அறையில், அலமாரி ஓரத்தில் நின்று அழுத்தினாள். சலுகைக்காரி பேசி முடித்தாள். முகமில்லாத குரல் வரவில்லை. க்ளிக் என்று ஒரு சத்தம். அப்புறம் ஒரு பெரிய அறையின் காற்று மாதிரி ஏதோ. அதற்கு உள்ளே, வெகு தூரத்தில், குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் விழும் ஓசை. கரண்டி விளிம்பில் தட்டும் ஓசை.

"சிட்டு, சாப்பிட வா."

அவள் குரல்தான். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். முழுசும் அழியவில்லை, மகளின் குரல் போய்விட்டாலும் பின்னால் இருந்தது தப்பித்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்தாள். வரேம்மா என்று வரவேண்டிய இடத்தில் வெறும் அமைதி இருந்தது. அந்த அமைதி அவளுக்கு இனித்தது. வெட்டியெடுத்த படத்தின் ஓட்டைகூட அந்த ஆளின் உருவத்தில்தானே இருக்கும்.

ஐந்தாம் நாள் அமைதி கொஞ்சம் நீண்டது. ஆறாம் நாள், அமைதிக்குப் பிறகு அந்தக் குரல் மறுபடி பேசியது. "தட்டு போட்டாச்சு." அவள் பதிவில் அப்படி ஒரு வார்த்தை இருந்ததே இல்லை. வாழ்க்கையில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள், அது வேறு. ஏழாம் நாள் கரண்டி ஓசை கிட்டத்தில் கேட்டது. கூடவே இன்னொன்றும். குழாய் சொட்டும் சத்தம். மூன்று சொட்டு, ஒரு இடைவெளி, மூன்று சொட்டு. அவள் வீட்டுக் குழாய் அப்படிச் சொட்ட ஆரம்பித்து நாலு நாள்தான் ஆகிறது.

அன்று கணவருக்கு விடுமுறை. கூடத்தில் படுத்திருந்தவர் இருமினார். கதவுக்கு வெளியே அந்த இருமல் கேட்டது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, போனுக்குள்ளும் அவர் இருமினார்.

அவள் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். அவர் எழுந்து, சமையலறை வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருந்தார்.

"சாப்பிட வான்னு கூப்பிட்டியே. வந்து பார்த்தா ஆளக் காணோம்."

"நான் கூப்பிடல."

"எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

உள்ளே, அடுப்பு மேடையில், நீலக் கரை போட்ட தட்டு ஒன்று கழுவிக் கவிழ்க்காமல் ஈரமாக வைக்கப்பட்டிருந்தது. சிட்டுவின் தட்டு. பரணில், பழைய துணிக்கு அடியில் அம்மாவே சுற்றி வைத்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். தட்டைத் துடைத்து, ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் வைத்தார். இறங்கும்போது அவள் தலையை ஒருமுறை தடவிக் கொடுத்தார். பைத்தியத்தைத் தடவுகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் அழுத்தவில்லை. அந்த இரண்டு நாளும் சமையலறைக்குள் அதிக நேரம் நிற்கவில்லை. நின்றபோதெல்லாம் இப்போதுதான் யாரோ அடுப்பை விட்டு விலகிப்போன மாதிரி ஒரு சூடு முகத்தில் பட்டது. கஞ்சி போட்ட துணியும் நீராவியும் கலந்த ஒரு வாசனை அங்கே இருந்தது. அவள் உடம்பின் வாசனை. ஆனால் அவள் குளித்திருந்தாள்.

மூன்று சிம்மையும் கழற்றிக் கடைக்காரப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்துவிடுவதென்று முடிவு செய்தாள். நாளைக்கு. போகட்டும், எல்லாம் போகட்டும். ஆனால் இன்று ஒரே ஒருமுறை. அந்த அமைதியை மட்டும். குரலுக்குப் பின் வரும் அந்த இடைவெளி, உலகத்தில் சிட்டுவின் அளவில் இருக்கும் ஒரே பொருள். அதைக் கடைசியாக ஒருமுறை காதில் வைத்துக்கொள்ளாமல் எப்படித் தூக்கிக் கொடுப்பாள்?

மணி நாலேகால். வெயில் இன்னும் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கட்டில் மேல் நீட்டிப் போட்டிருந்தது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்தது. மாடிப்படியில் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் பந்து தட்டினார்கள். இத்தனை வெளிச்சத்தில், இத்தனை சத்தத்தில் என்ன வந்துவிடும் என்று அவள் அலமாரியைத் திறந்தாள். நடுத் தட்டில், மடித்த துப்பட்டாக்களின் மேல், சிட்டுவின் போன் கறுப்பாகக் கிடந்தது. சார்ஜ் தீர்ந்து பல நாள் ஆகியிருந்தது.

அழுத்தினாள். சலுகைக்காரி பேசினாள். க்ளிக்.

காற்று இல்லை. குழாய் இல்லை. கரண்டி இல்லை. போனுக்குள் எதுவுமே இல்லை.

"சிட்டு, சாப்பிட வா."

போனில் இல்லை. சமையலறையில்.

அவள் அசையவில்லை. வெளியே ஸ்கூட்டர் நின்றுபோயிருந்தது. பந்துச் சத்தமும் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றன என்று தெரியவில்லை. சமையலறையில் குழாயைத் திருகி மூடும் கிறீச். ஈரக் கையைத் துணியில் துடைக்கும் சரசரப்பு. ஒரு தட்டு மேடையில் வைக்கப்படும் மெல்லிய ஓசை.

"தட்டு போட்டாச்சு. எவ்வளவு நேரமா கூப்பிடுறேன்."

கோபம் இல்லை அந்தக் குரலில். களைப்பு மட்டும். நாள் முழுக்க நின்ற காலின் களைப்பு. இப்படியா இருந்தது என் குரல், இப்படியா தினமும் இந்த அறைக்குள் வந்து சிட்டுவின் காதில் விழுந்தது என்று, பயத்துக்கு நடுவிலும் அவள் நினைத்துக்கொண்டாள்.

காலடிகள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கும் நடை. அவளுடைய நடை. கூடத்தில்.

அலமாரிக்குள் வெளிச்சம் வந்தது. சிட்டுவின் போன் எரிந்தது. திரையில் ஒரே வார்த்தை. அம்மா.

தன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். செத்துக் கிடந்தது. கோடு இல்லை, எழுத்து இல்லை, ஒன்றுமில்லை.

காலடி வாசலில் நின்றது.

"சிட்டு?"

அமைதி. அந்த அமைதி. பதில் வரவேண்டிய இடம். அதன் உள்ளே இப்போது அவள் நின்றுகொண்டிருந்தாள். கையால் வாயைப் பொத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது. காத்திருந்தது. எட்டு மாதமாகக் காத்திருக்கிற மூச்சு. அவளுக்கு அந்த மூச்சைத் தெரியும்.

"சிட்டு, இருக்கியாம்மா?"

அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. பயத்தைத் தாங்கியிருப்பாள். அதைத் தாங்க முடியவில்லை. யாராவது ஒருவர் பதில் சொல்லியிருக்கலாமே. பதினாலு தடவையில் ஒரு தடவையாவது. தொண்டையில் அந்த முள் புரண்டது. விரல்களுக்கு நடுவே, மெல்லியதாக, கடைசி எழுத்து கொஞ்சம் தூக்கி, அவள் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"வரேம்மா."

கதவு திறந்தது.

முதலில் கை. ஈரமான கை. மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு, படகு வடிவத்தில். பிறகு, நீராவியில் நாளெல்லாம் ஊறி வெளிறிய முகம். எட்டு மாதமாகக் கண்ணாடியில் அவள் பார்த்துவரும் அதே முகம். ஆனால் அது சிரித்தது. வாய் கொள்ளாத, கண் கொள்ளாத சிரிப்பு. தொலைத்தது கிடைத்துவிட்டவளின் சிரிப்பு. அது நிற்கவில்லை. விரிந்துகொண்டே போனது.

கை நீண்டு வந்து அவள் கையைப் பிடித்தது. சுடச்சுட இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். பிடிபட்டிருந்த தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

அதில் தழும்பு இல்லை. இளசாக, வழுவழுப்பாக, சிட்டு கைக்கடிகாரம் கட்டும் இடம் மட்டும் வெளுத்து.

"சாப்பாடு ஆறுது, வா" என்றது அது. சமையலறைப் பக்கம் இழுத்தது. இனி ஒருபோதும் விடப்போவதில்லை என்கிற பிடி.